‘தட்ஸ் சிக்!’ என்றால் பாராட்டா, பழிப்பா?

வாசகியின் கடிதம்: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கிண்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் இணையப் பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் செய்து அனுப்பிய முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் தரப்பில் உள்ள ஓர் இளைஞர் ‘தட்ஸ் சிக்!’ (That’s sick!) என்று மட்டும் எழுதியிருந்தார். அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கி வைத்திருக்கும் பழைய ஆங்கிலம்–தமிழ் அகராதியில் ‘நோயுற்ற, குமட்டலெடுக்கிற’ என்று போட்டிருக்கிறது. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, “சிக் என்றால் ஓடுவதற்கு லாயக்கில்லாத பெட்டி, கழற்றித் தனியாக நிறுத்திவிடுவோம்” என்கிறார். கல்லூரியில் படிக்கும் தம்பியோ, “அக்கா, தாறுமாறுன்னு சொல்லியிருக்காங்க, சந்தோஷப்படு” என்கிறான். மூன்று நாட்களாகப் பதில் எழுதாமல் இருக்கிறேன். யார் சொல்வது சரி? அகராதியை நம்பக் கூடாதா? நானும் இந்தச் சொல்லை அந்தப் பொருளில் எழுதலாமா? ஏற்கெனவே அலுவலகத்தில் என் தமிழை ‘லோக்கல்’ என்கிறார்கள். ஆங்கிலத்திலும் கொச்சையாக எழுதி மேலும் இளக்காரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எந்த அகராதியை வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை மூன்று நாட்களாக வருத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் உங்கள் வேலையைப் பாராட்டியிருக்கிறார். கடமைக்குச் சொல்லும் பாராட்டாக இல்லாமல், பார்த்த மாத்திரத்தில் மனம் துள்ளிச் சொன்ன பாராட்டு அது. உங்கள் தம்பி ‘தாறுமாறு’ என்று சொன்ன மொழிபெயர்ப்பில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அகராதிப் பணியிலும் ஆங்கிலம் கற்பிப்பதிலும் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஆங்கிலச் சொல்லின் புதுப்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்கும் உடனே தோன்றவில்லை.

அதற்காக அப்பா சொன்னது தவறு என்றோ, மூர் மார்க்கெட் அகராதி உங்களை ஏமாற்றிவிட்டது என்றோ எண்ணிவிட வேண்டாம். உங்கள் வீட்டில் கிடைத்த மூன்று விடைகளும் உண்மையான விடைகளே. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு மனிதர்களிடையே உயிரோடு இருக்கிற பொருள். உங்களுக்கு வந்த செய்தியில் எந்தப் பொருள் அமர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த வேலையை அகராதி பாதியளவுக்கே செய்யும். மீதியை நாம்தான் செய்ய வேண்டும்.

முதலில் அகராதியைப் பார்ப்போம். ‘சிக்’ ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே நோயுற்ற நிலையைக் குறித்து வழங்கியது. ஜெர்மன், டச்சு மொழிகளிலும் அதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன. இத்தனை நீண்ட வாழ்வில் அதற்கு ‘மிகச் சிறப்பான’ என்ற பொருள் வந்து சேர்ந்தது 1980களின் தொடக்கத்தில்தான். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் பேச்சில் அது முதலில் பதிவாயிற்று. பிறகு சக்கரப் பலகையில் சறுக்கி விளையாடும் இளைஞர்களும், கடல் அலையிலும் பனிச்சரிவிலும் பலகை ஓட்டுபவர்களும் அதைத் தங்கள் சொந்தச் சொல்லாக்கிக் கொண்டார்கள். இசைக்கும் விளையாட்டுக்கும் பரவி, இன்று உங்கள் வாடிக்கையாளரின் அலுவலகம் வரை வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1960களில். அப்போதோ அதற்கு முன்போ தொகுக்கப்பட்ட எந்த அகராதியிலும், அவற்றை வைத்து மறுபடி மறுபடி அச்சிடப்படும் கையடக்கப் பதிப்புகளிலும், இருபதாண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் ஒரு பொருளைத் தேடுவது அந்த அகராதிக்கு நாம் செய்யும் அநீதி.

புதிய அகராதிகளும் ஒரு பொருளைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்வதில்லை. தொகுப்பாளர்கள் காத்திருப்பார்கள். ஒருவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னதா, ஒரு கூட்டம் சில மாதங்கள் சொல்லிவிட்டு மறந்ததா, அல்லது பல ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத பலர், பல ஆண்டுகள் தொடர்ந்து அதே பொருளில் வழங்குகிறார்களா என்று பார்த்து, மூன்றாவது வகையைத்தான் உள்ளே விடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. கடைசிப் பகுதி 1928இல்தான் முடிந்தது. முடித்த கையோடு, இடையில் பிறந்த சொற்களுக்காக 1933இல் ஒரு துணைத் தொகுதியைப் போட வேண்டியதாயிற்று. பேச்சு முன்னே போகும், அகராதி பின்னே வரும் என்பது அகராதியின் குறை அன்று. அதன் நிதானத்தை நம்பித்தான் நாம் அதைப் புரட்டுகிறோம். ஆகவே அகராதியை நம்பக் கூடாதா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை, நம்பலாம் என்பதே. அது சொல்வதை முழுக்க நம்புங்கள். அது சொல்லாதது எதுவுமே இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

அப்பா சொன்ன பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான அகராதிகளில் இல்லாத, ஆனால் வடசென்னையில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஒரு பொருள் அது. ரயில்வே யார்டில் வண்டியைச் சோதிக்கும் ஊழியர் ஒரு பெட்டியின் சக்கரம் தேய்ந்திருப்பதையோ, வில் முறிந்திருப்பதையோ, பிரேக்கில் கோளாறு இருப்பதையோ கண்டால், அந்தப் பெட்டியைச் ‘சிக்’ என்று குறித்து அதன் உடம்பிலேயே அட்டை ஒட்டிவிடுவார். மற்றப் பெட்டிகளிலிருந்து கழற்றி, அதற்கென்று ஒதுக்கப்பட்ட தண்டவாளத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தத் தண்டவாளத்துக்குப் பெயரே ‘சிக் லைன்’. அங்கே பழுது நீக்கிச் சோதித்த பிறகு ‘ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் பெட்டி மறுபடி வண்டியில் கோக்கப்படும்.

பெட்டிக்கு உள்ள இதே வழக்கம் பெட்டியைப் பழுது பார்க்கும் மனிதருக்கும் உண்டு. காய்ச்சல் வந்தால் ரயில்வே ஊழியர் ‘சிக் ரிப்போர்ட்’ செய்து, ‘சிக் மெமோ’ வாங்கிக்கொண்டு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்குப் போவார். குணமானதும் மருத்துவர் ‘ஃபிட்’ சான்று கொடுத்தால்தான் வேலையில் சேர முடியும். பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடிப் பக்கத்து ரயில்வே குடும்பங்களில் “அவர் ஒரு வாரமா சிக்ல இருக்கார்” என்று ஆங்கிலமே படிக்காத பாட்டிகூடச் சொல்வதைக் கேட்கலாம். எந்திரத்துக்கும் மனிதருக்கும் ஒரே சொல், ஒரே இணை. உங்கள் அப்பா பணிக்காலம் முழுவதும் இந்தச் சொல்லைப் படித்துத்தான் ஒரு பெட்டி பயணிகளை ஏற்றிக்கொண்டு போகலாமா கூடாதா என்று முடிவு செய்திருப்பார். அவர் காதில் ‘சிக்’ என்ற சொல் எச்சரிக்கையாக ஒலிப்பதுதான் இயல்பு.

தொழிற்சாலைகளுக்கும் இந்தச் சொல் சென்றது. இந்திய நாடாளுமன்றம் 1985இல் நலிவுற்ற தொழில் நிறுவனங்களுக்கென்று இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதற்சொல்லே ‘சிக்’ தான். ஒரு நிறுவனத்தின் திரண்ட நட்டம் அதன் நிகர மதிப்பு முழுவதையும் விழுங்கிவிட்டால் அது அந்தச் சட்டத்தின் கண்ணில் நலிவுற்ற நிறுவனம். சட்டம் 2016இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குச் ‘சிக் யூனிட்’ என்ற சொல்லின் கனம் நன்றாகத் தெரியும். இலண்டனில் ஒருவரிடம் ‘சிக் யூனிட்’ என்றால், மருத்துவமனையின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்வாரே தவிர, கதவடைத்த ஆலை அவர் நினைவுக்கு வராது. இது நம் நாட்டு ஆங்கிலம், நம் நாட்டுப் பொருள். இதையும் யாரும் கொச்சை என்று தள்ளிவிட முடியாது, சட்டப் புத்தகத்தில் ஏறிய சொல்.

அப்பாவின் ‘ஃபிட்’ பற்றியும் ஒரு வார்த்தை. ரயில்வே மருத்துவர் கொடுக்கும் ‘ஃபிட்’ உடல்நலத்துக்குச் சான்று. தெருவில் ஒருவர் விழுந்து துடித்தால் “ஃபிட்ஸ் வந்துடுச்சு” என்கிறோம், அது வலிப்பு. இங்கிலாந்து இளைஞர்கள் ஒருவரை ‘ஃபிட்’ என்றால் பார்க்க அழகாக இருக்கிறார் என்று பொருள். வலிப்பைக் குறிப்பதை அகராதிகள் தனிச் சொல்லாகவே கொள்கின்றன என்றாலும், கேட்கிற காதுக்கு ஒலி ஒன்றுதான். யாரும் குழம்புவதில்லை. சர்டிபிகேட் என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது எந்த ஃபிட் என்று ஐயுற நமக்கு நேரமே கிடைப்பதில்லை.

‘சிக்’ என்ற சொல்லுக்கும் இதே வழியில்தான் பொருள் காண வேண்டும்: அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ‘ஐ ஆம் சிக்’ என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் உடல்நலம் இல்லை. ‘சிக் லீவ்’, ‘சிக் ரூம்’, கப்பலில் நோயாளிகளுக்கான ‘சிக் பே’ எல்லாம் அதே குடும்பம். பின்னால் ‘ஆஃப்’ வந்து, ‘ஐ ஆம் சிக் ஆஃப் திஸ்’ என்றால் சலித்துப் போய்விட்டது, வெறுத்துவிட்டது. ‘வொரிட் சிக்’ என்றால் கவலையில் உருகிப் போயிருக்கிறார். ‘சிக் ஜோக்’ என்பது பிறர் துன்பத்தையோ சாவையோ வைத்துச் செய்யும் அருவருப்பான நகைச்சுவை. இவை அனைத்தும் எந்த நல்ல அகராதியிலும் கிடைக்கும்.

பாராட்டுப் பொருள் பெரும்பாலும் ஒருவர் செய்த பொருளின் மீதோ, காட்டிய திறமையின் மீதோ வந்து அமரும். பாட்டு, வண்டி, சட்டை, பந்தாட்டத்தில் ஓர் அடி, உங்களுடையதைப் போல ஒரு வடிவமைப்பு ஆகியவற்றைச் சுட்டி ‘தட்ஸ் சிக்’ என்றால் பாராட்டு. அதே இரண்டு சொற்களை, ஒரு நாயை யாரோ அடித்துத் துன்புறுத்திய செய்தியைக் கேட்டவுடன் ஒருவர் சொன்னால், ‘சீ, என்ன கொடுமை’ என்று பொருள். சொற்களில் ஒரு மாற்றமும் இல்லை, அவற்றுக்குச் சற்று முன் என்ன பேச்சு நடந்தது என்பதில்தான் வேறுபாடு. மனிதரை நேரடியாகச் சுட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘யூ ஆர் சிக்’ என்று மொட்டையாகச் சொன்னால் ‘உன் புத்தி கெட்டுவிட்டது’ என்ற வசையாகவும் இருக்கக்கூடும். ‘யூ ஆர் சிக் அட் திஸ்’ என்று ஒரு திறமையைச் சேர்த்துச் சொன்னால் ‘இதில் நீ கில்லாடி’ என்ற புகழ்ச்சி.

இப்போது உங்களுக்கு வந்த செய்தியைத் திரும்பப் பாருங்கள். நீங்கள் ஒரு பக்கத்தை வடிவமைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைத் திறந்து பார்த்தவர் உடனே எழுதியிருக்கிறார். எழுதியவர் இளைஞர், அமெரிக்கர். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. திருத்தம் எதுவும் கேட்கவில்லை. வேலை பிடிக்காத வாடிக்கையாளர் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வதில்லை என்பதை இந்தத் தொழிலில் நீங்கள் விரைவிலேயே அறிவீர்கள். எந்த இடம் பிடிக்கவில்லை, எப்போது மாற்றித் தருவீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருப்பார். இத்தனை அடையாளங்களும் ஒரே பக்கம் சாயும்போது, அகராதியின் முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு வருந்த வேண்டியதில்லை.

நோயைக் குறிக்கும் சொல் எப்படிப் புகழ்ச்சியாகும் என்ற வியப்பு உங்களுக்கு இருக்கலாம். தண்டையார்பேட்டையில் வளர்ந்த ஒருவருக்கு அந்த வியப்பு நெடுநேரம் நீடிக்கக் கூடாது. வியாசர்பாடியின் கால்பந்து மைதானத்தில் ஒரு மாலை நேரம் நின்று கேளுங்கள். நடுக்களத்திலிருந்து ஒரு பையன் பந்தைக் கடத்திக்கொண்டு போய், இரண்டு பேரை ஏமாற்றி வலைக்குள் அடித்தால், ஓரத்தில் நிற்கிறவர்கள் “பேய்டா அவன்!” என்பார்கள். “வெறித்தனம்!” என்பார்கள். “ஆட்டம் தாறுமாறு!” என்பார்கள். பேய் நல்லதா? வெறி நல்லதா? தாறுமாறு என்ற சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் ஒழுங்கின்மையும் குழப்பமும்தான் கிடைக்கும். அந்தப் பையனிடம் போய் “உன் ஆட்டத்தை ஒழுங்கற்றது என்று பழிக்கிறார்கள்” என்று யாரேனும் சொன்னால் அவன் நம்புவானா? “படம் பயங்கரமா இருந்துச்சு” என்று சொல்லும் நம் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘டெரிஃபிக்’ என்ற சொல்லும் முதலில் அச்சமூட்டுவதையே குறித்தது. மெல்ல மெல்லப் பெரிய, மிகுந்த என்று நகர்ந்து, இன்று அலுவலகக் கடிதத்தில்கூட எழுதத்தக்க பாராட்டாகிவிட்டது.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. நல்ல, சிறந்த, அருமையான போன்ற சொற்களை நாள்தோறும் எல்லாவற்றுக்கும் சொல்லிச் சொல்லி அவற்றின் வேகம் குறைந்துவிடுகிறது. உண்மையிலேயே மலைத்துப் போகும் ஒரு தருணத்தில் மனிதர்கள் அவற்றைவிட வலிமையான சொல்லைத் தேடுகிறார்கள். அச்சம், வெறி, நோய், சாவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களில் அந்த வலிமை தேயாமல் இருக்கிறது. அதை எடுத்து, அதில் உள்ள தீமையை உதறிவிட்டு, வலிமையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இளைஞர்கள் இதைக் கூடுதலாகச் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தங்கள் வட்டத்தில் உள்ளவருக்குப் புரிந்து, வெளியில் உள்ளவருக்குப் புரியாமல் இருப்பது அவர்களுக்குப் பிடிக்கும். உங்கள் தம்பி ஒரு நொடியில் புரிந்துகொண்டதற்கும், அப்பா புரிந்துகொள்ளாததற்கும் வயதுதான் காரணம், அறிவு அன்று.

சொற்கள் இப்படி இடம் மாறுவது கொச்சைப் பேச்சுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். திருக்குறளில் சூது பற்றிய அதிகாரத்தில், 935ஆம் குறளில், ‘கழகம்’ என்ற சொல் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. 1949 செப்டம்பரில் உங்கள் வீட்டுக்கு அருகில், ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்த கூட்டத்தில், ஒரு பெரிய அரசியல் இயக்கம் அந்தச் சொல்லைத் தன் பெயரில் தாங்கியே பிறந்தது. கூட்டத்தில் இருந்த எவர் காதிலும் சூதாட்டம் ஒலித்திருக்காது. அதற்குள் அந்தச் சொல் தமிழ் மக்களிடம் வேறு பொருளோடு வேரூன்றிவிட்டிருந்தது.

நீங்களும் அந்தப் பொருளில் ‘சிக்’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் ஆலோசனை. புரிந்துகொள்வது ஒன்று, கையாள்வது வேறொன்று. கொச்சை வழக்கு, பேசுகிறவர்களுக்கு இடையே உள்ள நெருக்கத்தை நம்பி நிற்பது. அந்த இளைஞர் உங்களோடு அந்த உரிமையை எடுத்துக்கொண்டார். வேலையைக் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளும் உரிமையும், அதைச் செய்து கொடுப்பவர் எடுத்துக்கொள்ளும் உரிமையும் எல்லா நாட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதே அஞ்சலை அவருடைய மேலாளர் படிக்கக்கூடும். அவருக்கு அறுபது வயது இருக்கலாம். அவருக்கு அந்தச் சொல் உங்கள் அப்பாவுக்கு ஒலித்ததைப் போலவே ஒலிக்கலாம். மேலும் கொச்சைச் சொற்கள் விரைவில் மூப்படையும். நேற்றைய மாணவரின் பாராட்டை இன்றைய மாணவர் பழங்காலப் பேச்சு என்று ஒதுக்குவார். உள்ளூரில் வாழ்கிறவர்களுக்கு அந்த மாற்றம் காதிலேயே தெரிந்துவிடும். பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்து எழுதும் நமக்குத் தெரிவதற்குள் காலம் கடந்திருக்கும். ‘க்ரேட்’, ‘லவ்லி’, ‘எக்ஸலண்ட்’ போன்ற சொற்கள் பழையவைதான், ஆனால் எந்த வயதினரிடமும் எந்த நாட்டினரிடமும் உங்களைக் கைவிடாதவை. சில மாதங்கள் பழகி, அந்தக் குழுவில் எல்லோரும் உங்களோடு விளையாட்டாகப் பேசத் தொடங்கிய பிறகு, வாய் தானாகச் சொன்னால் சொல்லட்டும்.

இதோடு தொடர்புடைய ஒரு நடைமுறை எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனால் சங்கடப்பட்டவர்கள் பலரை நான் அறிவேன். விடுப்புக் கடிதத்தில் நாம் ‘ஐ வாஸ் சிக் எஸ்டர்டே’ என்று எழுதினால் அமெரிக்கர் ‘உடல்நலம் இல்லாமல் இருந்தார்’ என்று படிப்பார். இங்கிலாந்துக்காரர் பெரும்பாலும் ‘வாந்தி எடுத்தார்’ என்று படிப்பார், அவர்கள் வழக்கில் ‘டு பி சிக்’ என்றால் வாந்தி எடுப்பது. நாளை உங்களுக்கு இலண்டன் வாடிக்கையாளர் ஒருவர் அமையலாம். ‘ஐ வாஸ் அன்வெல்’ அல்லது ‘ஐ வாஸ் நாட் வெல்’ என்று எழுதினால் இரண்டு கரையிலும் ஒரே பொருள்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது ‘லோக்கல்’ என்ற சொல். ஆங்கிலத்தில் அது இடத்தைக் குறிக்கும் எளிய சொல். இங்கிலாந்தில் ‘த லோக்கல்’ என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மதுக்கூடம், அதைப் பிரியத்தோடுதான் சொல்வார்கள். சென்னையில் அதற்கு ‘தரம் தாழ்ந்த’ என்ற பொருளை ஏற்றியவர்கள், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் பேசுகிற தமிழைக் காதால் அளக்காமல் பேசுகிறவரின் முகவரியால் அளந்தவர்கள். நம் பகுதிப் பேச்சில் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் துறைமுகத்தின் வழியாகவும் ஆலைகளின் வழியாகவும் வந்து கலந்தன. பல மொழிக்காரர்கள் ஒரே தெருவில் உழைத்து வாழ்ந்த ஊரில் அப்படித்தான் நிகழும், நிகழ வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த உங்கள் தம்பி, அகராதியே பார்க்காமல், ஓர் அமெரிக்கக் கொச்சைச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்தான். ஒரு சொல் தன் பொருளைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளக் கூடியது என்பதைத் தெருவிலேயே கற்றவன் அவன். அலுவலகத்தில் எழுதும்போது அலுவலகத்துக்கு உரிய தமிழையும் ஆங்கிலத்தையும் எழுதுங்கள். அது தொழில் ஒழுங்கு. வீட்டிலும் நண்பர்களிடமும் உங்கள் பேச்சை யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. ‘லோக்கல்’ என்று உங்களைச் சொன்னவரிடம், அது உங்களைப் புண்படுத்துகிறது என்று தனியாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் சொல்கிறவர்களில் பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அகராதி வாங்குவது பற்றி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதிகளில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே தரமானவை, மூன்றும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ‘இன்ஃபார்மல்’ என்றிருந்தால் நட்புப் பேச்சுக்கு உரியது, ‘ஸ்லாங்’ என்றிருந்தால் ஒரு கூட்டத்தின் கொச்சை, ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ என்றால் வழக்கொழிந்து வருவது, ‘அஃபென்சிவ்’ என்றால் பிறரைப் புண்படுத்தக்கூடியது. அவசரத்தில் பலரும் பொருளை மட்டும் படித்துவிட்டு இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், உங்களைப் போன்ற நிலையில் இருப்பவருக்கோ பொருளைவிட இந்தக் குறிப்புதான் மிகவும் உதவும். மற்றொன்று: எல்லா அகராதிகளும் பொருள்களை ஒரே முறையில் அடுக்குவதில்லை. அமெரிக்காவின் மெரியம்–வெப்ஸ்டர் எது முதலில் பிறந்த பொருளோ அதை முதலில் வைக்கும். கற்பவர்களுக்கான அகராதிகள் எது மிகுதியாக வழங்குகிறதோ அதை முன்னே கொண்டுவரும். முதல் வரியில் உள்ள பொருள்தான் ‘உண்மையான’ பொருள் என்று கொள்வதற்கு எந்த அகராதியும் இடம் கொடுக்கவில்லை, ஆகவே கடைசி வரி வரைக்கும் படியுங்கள். மூர் மார்க்கெட் அகராதியைத் தூக்கிப் போட வேண்டாம். அடிப்படைப் பொருளைத் தமிழில் சட்டென்று பார்க்க அது இன்னும் பயன்படும்.

மூன்று நாள் தாமதத்துக்காக நீண்ட விளக்கம் எழுதத் தேவையில்லை. சொல் புரியவில்லை என்று சொல்லவும் தேவையில்லை. ‘தேங்க் யூ, ஐ ஆம் க்ளாட் யூ லைக்ட் இட்’ என்று ஒரு வரி எழுதி, அடுத்ததாக எந்தப் பக்கத்தைச் செய்ய வேண்டும் என்று மறு வரியில் கேளுங்கள். அவர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால், நம் நேரத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் அனுப்புங்கள். அவர்கள் அலுவலகம் திறந்து அஞ்சலைப் பார்க்கத் தொடங்கும் வேளை அது.